தம்பி வீட்டைச் சோதிக்கும் விதம்: உதவியோடு வாழும் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்புக்கு ஒரு கைவழிகாட்டி

என் தம்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அறிவுசார் குறைபாடு, வலிப்பு, விழுங்குவதில் சிரமம். பேச்சு சில சொற்கள்தான். அப்பா அம்மா இருந்தவரை அவர்களோடு இருந்தான். இப்போது இன்னும் இருவரோடு ஒரு சாதாரண வீட்டில் வாழ்கிறான். உதவியாளர்கள் முறை மாற்றி வந்து போகிறார்கள், இரவிலும் ஒருவர் இருப்பார். சப்போர்ட்டட் லிவிங் என்று சொல்வது இதைத்தான்.

நான் தணிக்கையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரொம்பச் சுத்தமாக இருக்கும் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் தொழில் புத்தி. தம்பி வீட்டுக்குப் போனாலும் அந்தப் புத்தி கூடவே வந்துவிடுகிறது. அப்படிப் போய்வந்ததில் எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் இப்படி ஒரு வீட்டில் வாழ்பவர்களுக்கும், அப்படி ஒரு வீட்டைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அங்கே வேலை செய்பவர்கள் படித்தாலும் நல்லதுதான். என்ன கேள்வி வரும் என்று தெரிந்துவிடும்.

வீடு யார் பெயரில்?

சுவரில் மாட்டிய சான்றிதழ்களை அப்புறம் பார்க்கலாம். முதல் கேள்வி, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்பது. உதவியாளர்களை அனுப்பும் நிறுவனமே வீட்டுக்காரராகவும் இருந்தால், கவனிப்பு சரியில்லை என்று வாய் திறக்கும் நாளில் வீடும் சேர்ந்து கைவிட்டுப் போகுமோ என்ற பயம் வரும். பல குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பயமே காரணம். ஒப்பந்தம் அங்கே வாழ்பவரின் பெயரில் தனியாக இருந்தால், அவர் தன் அறையிலேயே இருக்க, நிறுவனத்தை மட்டும் மாற்றலாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இருக்கிறதே, அதன் 19ஆம் பிரிவு, எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போல அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. அதை ஒரு வீட்டில் சோதித்துப் பார்க்க எனக்குச் சின்னக் கேள்விகளே போதும். அவன் அறைச் சாவி அவனிடம் இருக்கிறதா? உதவியாளர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறாரா? கூட வசிக்கப் புது ஆள் வருகிறார் என்றால், முன்கூட்டியே ஒருமுறை சந்திக்க வைத்தார்களா, இல்லை ஒருநாள் காலையில் பெட்டியோடு வந்து நின்றாரா? ஒத்துப்போகாத இருவரை ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் யாராவது அடி வாங்குவார்கள். அப்புறம் அடித்தவர் பெயரில் ஒரு கோப்பு திறப்பார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தவர் பெயரில் எந்தக் கோப்பும் திறப்பதில்லை.

கோப்பை வாசிப்பது

ஒவ்வொருவருக்கும் ஆதரவுத் திட்டம், தினக் குறிப்பு, மருந்துத் தாள், சம்பவப் பதிவு என்று நாலைந்து கோப்புகள் இருக்கும். அவருடைய சம்மதமோ சட்டப்படியான அதிகாரமோ உங்களிடம் இருந்தால், கேட்டு வாங்கிப் படியுங்கள்.

என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எப்படி எழுதியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எல்லா மருந்தும் காலை 8:00, இரவு 8:00 என்று நிமிடம் பிசகாமல் இருக்கிறதா? மூன்று பேருக்கு மருந்து கொடுக்கும் ஒருவரால் மூவருக்கும் சரியாக எட்டு மணிக்கே கொடுக்க முடியாது. 8:04, 8:11, 8:20 என்று இருந்தால் எனக்கு நிம்மதி. வாரம் முழுக்க ஒரே பேனா, எழுத்தில் ஒரே சாய்வு என்றால் யாரோ உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள். தம்பி முன்பு இருந்த வீட்டில் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தபோது, அன்று மாலைக் குளியலுக்கும் இரவுப் பார்வைக்கும் டிக் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொருமுறை அவனுடைய ஆதரவுத் திட்டத்தின் நடுப்பக்கத்தில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. பழைய கோப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றியவர் எல்லா இடத்திலும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

சம்பவப் பதிவு மாதக்கணக்கில் காலியாக இருந்தால் யாரும் சந்தோஷப்பட வேண்டாம். வலிப்பு உள்ளவர், நடை தடுமாறுபவர் எல்லாம் வாழும் வீட்டில் யாராவது விழுவார்கள், ஒரு வேளை மருந்து விட்டுப்போகும். நல்ல வீட்டில் அதெல்லாம் பதிவாகும். என்ன நடந்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அதன் பிறகு எதை மாற்றினார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் காலியாக இருக்கும். "கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது" என்பதை நான் ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சாப்பிடும் நேரத்துக்குப் போங்கள்

வீட்டைச் சோதிக்க ஒரே ஒரு நேரம்தான் கிடைக்கும் என்றால் நான் சாப்பாட்டு நேரத்தைத்தான் எடுப்பேன். அறிவுசார் குறைபாடோ பெருமூளை வாதமோ உள்ளவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. தொண்டையில் அடைத்துக்கொள்வது ஒரு ஆபத்து. இன்னொன்று சத்தமில்லாத ஆபத்து: உணவோ பானமோ கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடுவது. எல்லோருக்கும் இருமல் வராது. சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, காரணம் தெரியாமல் எடை குறைவது ஆகியவற்றைப் பார்த்தால் பேச்சு மற்றும் விழுங்கல் நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அந்த நிபுணர் எந்த அளவுக்குக் கெட்டி, எந்த அளவுக்கு மென்மை என்று எழுதிக் கொடுத்திருப்பார். பல நாடுகளில் இதற்கு ஐடிடிஎஸ்ஐ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை, உணவுகளுக்கு 3 முதல் 7 வரை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், சமையலறையிலேயே சோதித்துவிடலாம் என்பது. நிலை 5 என்றால் ஈரமாக மசித்தது. பெரியவர்களுக்குக் கட்டிகள் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிலை 6 என்றால் மென்மையான துண்டுகள், ஒன்றரை சென்டிமீட்டருக்குள். முள்கரண்டியால் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் துண்டு நசுங்க வேண்டும், கரண்டியை எடுத்த பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பக் கூடாது. பானத்துக்கு 10 மி.லி. சிரிஞ்ச். நுனியை விரலால் அடைத்து நிரப்பி, 10 வினாடி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 4 முதல் 8 மி.லி. வரை மிச்சம் இருந்தால் அது நிலை 2. எல்லாச் சிரிஞ்சும் சரிப்படாது. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் உள்ளதாக இருக்க வேண்டும்.

உதவியாளரிடம் "இதைச் சோதித்துக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். காட்டத் தெரியாதவர் கண்மதிப்பில்தான் கலக்கிக்கொண்டிருக்கிறார். ரொட்டித் துண்டைப் பற்றியும் கேளுங்கள். மென்மையானதுதானே என்று பலர் கொடுத்துவிடுவார்கள். அது வாயில் பசை போல உருண்டு ஒட்டிக்கொள்ளும், விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்தான உணவுகளில் ஒன்று.

ஊட்டுபவர் உட்கார்ந்திருக்கிறாரா, நின்றுகொண்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். நின்று ஊட்டினால் சாப்பிடுபவர் தலையை அண்ணாந்துதான் வாங்குவார், அது விழுங்குவதற்கு மோசமான நிலை. கைப்பேசி மேசையில் இருக்கிறதா? முதல் வாய் விழுங்கியதை உறுதி செய்தபின் அடுத்ததைக் கொடுக்கிறாரா? சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வைக்கிறாரா, ஷிஃப்ட் முடிகிறதே என்று படுக்கையில் கிடத்திவிடுகிறாரா? பல் துலக்குவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. அழுக்கான வாயிலிருந்து நுரையீரலுக்குள் இறங்கும் எச்சில் கிருமியையும் சேர்த்துக்கொண்டு போகும்.

யாருக்காவது அடைத்துக்கொண்டு, இருமக்கூட முடியாமல் போனால், முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. இதை ஒவ்வொரு உதவியாளரும் பயிற்சிப் பொம்மை மீது கையால் செய்து பயிற்சி எடுத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எப்படிச் செய்வது என்பதையும் சேர்த்து. கணினியில் வீடியோ பார்த்துப் பெற்ற சான்றிதழ் இதற்கு உதவாது.

குளியலறை

குழாயைத் திறந்து தெர்மாமீட்டர் வைப்பேன். உதவியாளர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் லீஜியோனெல்லா என்ற கிருமி வளர இடமாகும். ஆனால் அதே 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே வினாடியில் தோலை மோசமாகப் பொசுக்கிவிடும். அதனால் குளியல் குழாய்க்கு முன்னால் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கலவை வால்வு வேண்டும். உடலை முழுதாக நனைக்கும் தொட்டிக் குளியலுக்கு 44 டிகிரிதான் உச்சவரம்பு. வலியை உணராதவர், உணர்ந்தாலும் சொல்ல முடியாதவர், சட்டென்று எழுந்து விலக முடியாதவர் என்று இந்த வீடுகளில் எல்லோரும் இருப்பார்கள். வால்வை எப்போது சோதித்தார்கள் என்று தேதியோடு கேளுங்கள்.

வலிப்பு உள்ளவரைத் தொட்டியில் தனியாக விடவே கூடாது. 2013இல் இங்கிலாந்தில் ஒரு சிகிச்சைப் பிரிவில் 18 வயது இளைஞர் ஒருவர் வலிப்பு வந்து குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். அவருக்கு வலிப்பு உண்டு என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அலட்சியமும் ஒரு காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் இல்லை என்பதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

அதற்காகக் குளியலறையில் எப்போதும் ஒருவர் நின்று முறைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பிக்கு அது பிடிக்காது, எனக்கும்தான் பிடிக்காது. அவனுக்கு ஷவர், கீழே பதிந்த இருக்கை, வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. பூட்டு வெளியிலிருந்தும் திறக்கும். உதவியாளர் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார், பதில் சத்தம் நின்றால் உள்ளே போவார். இது திட்டத்தில் இதே வார்த்தைகளில் எழுதியிருக்கிறது. "குளிக்கும்போது கண்காணிக்கவும்" என்று மட்டும் எழுதினால் புதிதாக வருபவர் அதை எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்வார்.

இன்னொரு சோதனை: ஒவ்வொரு உதவியாளரிடமும் தனித்தனியாக, "இவருக்கு வலிப்பு வந்தால் எத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். மருத்துவர் வேறு மாதிரி எழுதித் தரவில்லையென்றால் ஐந்து நிமிடம். முதல் வலிப்பிலிருந்து தெளியாமல் அடுத்தது வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும் உடனே. மூன்று பேரிடம் மூன்று பதில் வந்தால் திட்டம் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. யாராவது "வாயில் கரண்டி வைப்பேன்" என்று சொன்னால் அன்றைக்கே மேலாளரிடம் பேசுங்கள்.

மருந்தும் மலமும்

தலைப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். மலச்சிக்கல் இந்த மனிதர்களைக் கொல்லும். அசைவு குறைவு, தண்ணீர் குறைவு, கூடவே குடலை மந்தமாக்கும் மருந்துகள். மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் இதில் மிகவும் பெயர் பெற்றது. அடைத்துப்போன குடல் வீங்கி ஆளையே எடுத்துவிடும். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. 1, 2 என்றால் சிக்கல், 3, 4 நல்லது. தினக் குறிப்பில் "போனார்" என்பதற்குப் பதில் எண் எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் போகாமல் இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். நீர்போலப் போனாலும் ஏமாந்துவிடக் கூடாது; கெட்டியாக அடைத்ததைச் சுற்றிக் கசிந்து வருவதாகவும் இருக்கலாம்.

பேச முடியாதவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால், கடித்தால், கத்தினால் "நடத்தைப் பிரச்சினை" என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல்வலி, காதுவலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், எங்காவது எலும்பு முறிவு என்று இவற்றையெல்லாம் பார்த்து இல்லை என்று ஆன பிறகுதான் அந்த வார்த்தைக்குப் போகலாம் என்பது என் கட்சி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் மந்தமாகிவிட்டால் தைராய்டைப் பாருங்கள். நாற்பதுக்குப் பிறகு மறதி நோயும் அவர்களுக்குச் சீக்கிரமே வரலாம். "அவர் எப்போதும் அப்படித்தான்" என்ற வாக்கியத்தை ஒரு மருத்துவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். நல்லா இருக்கும்போது இவர் எப்படி இருப்பார், வலித்தால் எப்படி இருப்பார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவமனைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். தம்பிக்கு வலித்தால் அவன் பாட்டு முணுமுணுப்பதை நிறுத்திவிடுவான். எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது.

மருந்துத் தாளில் "தேவைப்பட்டால்" என்று எழுதப்பட்ட அமைதிப்படுத்தும் மருந்துகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். எந்தக் கிழமையில், யாருடைய ஷிஃப்டில் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது? ஒரே ஆளின் ஷிஃப்டில்தான் என்றால் மருந்து தேவைப்படுவது என் தம்பிக்கா, அவருக்கா என்று கேட்க வேண்டியதுதான். நோயே இல்லாமல் நடத்தைக்காக மட்டும் மனநல மருந்துகளை வருடக்கணக்கில் கொடுத்து வைப்பது பெரிய பிரச்சினை என்று உணர்ந்து, இங்கிலாந்தில் 2016இல் ஸ்டாம்ப் என்ற பெயரில் ஒரு இயக்கமே தொடங்கினார்கள். மருந்தைக் குறைப்பது மருத்துவர் வேலை, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் "கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தீர்கள்" என்று கேட்பது நம் வேலை.

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உடலில் இறங்கும். விழுங்க முடியாதவருக்குத் திரவ மருந்து கிடைக்குமா என்று மருந்தாளரிடம் கேட்டாலே பெரும்பாலும் வழி பிறக்கும்.

தோல், பணம், தீ

ஒரே நிலையில் கிடப்பவரின் இடுப்பு, குதிகால், பின்முதுகு அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் தொடக்கம். நிறம் அடர்ந்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றிலும் உள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே, முன்கையில் இருக்கும் கன்றிப்போன தடம் இடித்துக்கொண்டதாக இருக்கலாம். காது, கழுத்து, மேல்கையின் உட்புறம், தொடையின் உட்புறம் என்றால் விளக்கம் கேட்காமல் நகராதீர்கள். ஒருவரைக் குப்புறக் கிடத்தி அழுத்திப் பிடிப்பதற்கு எந்த விளக்கமும் கிடையாது. மூச்சு நின்று பலர் அப்படித்தான் இறந்திருக்கிறார்கள்.

பணம் என் துறை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லையென்றால் நிறுத்த மாட்டேன். கணக்கு அவர் பெயரில். கைச்செலவுக்கு ஒவ்வொரு தடவையும் ரசீது, இரண்டு கையெழுத்து. ரசீதில் வாங்கிய பொருள் அவர் அறையில் இருக்கிறதா என்று மாதத்துக்கு ஒன்றிரண்டைத் தேடிப் பாருங்கள். ஒருவர் வெளியே போய்ச் சாப்பிட்டதற்கு இரண்டு பேர் சாப்பாடு பில்லில் இருந்தால், உதவியாளர் சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்ற விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

தீயைப் பற்றி ஒரே கேள்வி: நடு இரவில், இருக்கும் ஒரே உதவியாளரை வைத்து, எல்லோரையும் வெளியே கொண்டுவரும் ஒத்திகையை எப்போது செய்தீர்கள்? பகலில் ஐந்து பேரோடு செய்த ஒத்திகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதோடு, இரவு ஆள் விழித்திருக்கிறாரா, தூங்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். தூக்கத்தில் வலிப்பு வருபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

நாள் எப்படிப் போகிறது?

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, ஒருவரைக் காலையிலிருந்து இரவு வரை டிவி முன்னால் உட்கார வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. அவருக்கு எந்த விபத்தும் நேராது. அதை நான் நல்ல வீடு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கிலாந்தில் ஜிம் மான்செல் என்ற பேராசிரியர் இந்தத் துறையில் நிறைய வேலை செய்தவர். உதவியாளர்களே சமைத்து, துவைத்து, பெருக்கி, அங்கே வாழ்பவர்களை விருந்தாளி மாதிரி உட்கார வைக்கும் முறையை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டித்தார்கள். அதற்கு மாறாக, எவ்வளவு கடுமையான குறைபாடு இருந்தாலும் அங்கே வாழ்பவருக்கு ஒவ்வொரு வேலையிலும் ஒரு பங்கு கொடுக்கச் சொன்னார்கள். துணியை மெஷினில் போட முடியாவிட்டாலும் பொத்தானை அழுத்த முடியும். தம்பி காய்கறியை நறுக்க மாட்டான், ஆனால் கழுவுவான், தரையெல்லாம் ஈரமாகும். வேலை முடிய நேரம் இரண்டு பங்கு ஆகிறது. அந்த நேரத்துக்குத்தான் அவர்களுக்குச் சம்பளம் என்பதை மேலாளர் ஒத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

ரிஸ்க் எடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று 1972லேயே ராபர்ட் பெர்ஸ்கி என்பவர் எழுதினார். தம்பி தனியாகத் தெருமுனை வரை நடந்து போய் வருகிறான். விழுந்திருக்கிறான், முழங்காலைச் சிராய்த்திருக்கிறான். அதற்காக நிறுத்திவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது, நடையை நிறுத்தினால் என்ன இழப்பான் என்பதையும் அதே தாளில் எழுதச் சொன்னேன். ஆபத்து மதிப்பீட்டில் அந்தக் கட்டம் பெரும்பாலும் இருக்காது, நீங்கள்தான் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். கடைசியில் மணிக்கட்டில் ஒரு பட்டையும், எந்தப் பக்கம் திரும்பி வருவது என்ற பயிற்சியும் சேர்ந்தன. நடை தொடர்கிறது.

அவரையே கேட்பது

உதவியாளர் பக்கத்தில் நிற்கும்போது "இங்கே பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லப் பழகியிருப்பார்கள். பெரியவர்களை மகிழ்விக்க நாம் கற்றுக்கொடுத்த பழக்கம்தான் அது. அதனால் தனியாக, நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசுங்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள். "இரவில் தூக்கம் வருதா?" என்றதற்கு ஆமாம், "இரவில் தூக்கம் வரலையா?" என்றதற்கும் ஆமாம் என்றால், பதில் இன்னும் கிடைக்கவில்லை. படங்களை வைத்துக் கேட்கலாம். ஒவ்வொரு உதவியாளரின் புகைப்படத்தையும் காட்டினால் தம்பி சிலவற்றை என் பக்கம் நகர்த்துவான், ஒன்றைக் கவிழ்த்து வைப்பான். அதை ஆதாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உதவியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வேலைக்குச் சம்பளம் குறைவு, நல்லவர்கள் களைத்துப் போய் விலகிவிடுகிறார்கள். ஒரு வருடத்தில் எத்தனை பேர் மாறினார்கள் என்ற எண், எந்த ஆய்வறிக்கையைவிடவும் வீட்டைப் பற்றி அதிகம் சொல்லும். நன்றாகச் செய்பவரைப் பார்த்தால் பெயரைக் குறிப்பிட்டு மேலிடத்துக்கு எழுதுங்கள். நாம் புகாருக்கு மட்டும் எழுதுபவர்களாக இருந்தால் நம் கடிதத்தைப் பிரிக்கும்போதே முகம் சுண்டிவிடும்.

தப்பு நடக்கிறது என்று தெரிந்தால்

உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் நடந்து 2012இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, மாற்றுத்திறனாளியான பெரியவர்கள் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்று கண்டது. நம் வீட்டில் நடக்காது என்று இருக்க முடியாது.

அடி, பாலியல் தொல்லை, பட்டினி என்று உடனடி ஆபத்து இருந்தால் நேரே காவல்துறை, ஆம்புலன்ஸ். மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாலியல் வன்முறை என்று சந்தேகம் வந்தால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். அவர் என்ன சொன்னாரோ அதை அவர் வார்த்தையிலேயே, நேரத்தோடு எழுதுங்கள். "அவன்தானே அடிச்சான்?" என்று நீங்கள் பெயரைப் போட்டுக் கேட்டால் பின்னால் அந்தச் சாட்சியமே நிற்காது. "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மற்றவற்றுக்கு எழுத்தில் புகார். தேதி, நேரம், பார்த்தது, யார் இருந்தார்கள், என்ன மாற்றம் வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். போனில் பேசினாலும் அன்றே "நாம் பேசியது இது" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் நாட்டில் இதைக் கண்காணிக்கும் அமைப்புக்குப் போகும்போது அந்தக் கடிதங்கள்தான் உங்கள் பலம். அங்கேயும் விடாமல் துரத்த வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் நடந்த கொடுமைகள் 2011இல் மறைகேமராவோடு போன ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால்தான் வெளியே வந்தன. அங்கே வேலை செய்த மூத்த நர்ஸ் ஒருவர் அதற்கு முன்பே மேலிடத்துக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் புகார் சொல்லியிருந்தார், யாரும் அசையவில்லை. அடுத்த வருடம் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

அப்புறம், நம் காலத்துக்குப் பிறகு யார் போய்ப் பார்ப்பது? பார்வையாளர் வராத ஆளிடம்தான் எல்லா அலட்சியமும் முதலில் தொடங்கும். என் மகளும், தம்பியோடு பள்ளியில் படித்த ஒருவரின் அண்ணனும் இப்போதே முறை வைத்துப் போகிறார்கள். சொல்லாமல், வெவ்வேறு கிழமைகளில், சில சமயம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவர்கள் இருவரின் பெயரும் ஆதரவுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, சம்மதக் கடிதத்தின் நகல் இருவரிடமும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இதைச் செய்துவிடுங்கள். பெயர் எழுத்தில் இல்லாதவரை வாசலிலேயே "நீங்கள் யார்?" என்று நிறுத்தினால், சட்டப்படி அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.